பங்குக்கு ஆறு, பிறகு ஐந்து

செவ்வாய்க்கிழமை தபால்காரர் வந்து போகும்வரை எனக்குச் சோறு இறங்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு பங்கு புரோக்கர் வாரம் ஒரு சர்க்குலர் அனுப்புவார். சைக்ளோஸ்டைல் செய்த இரண்டு தாள். மை காய்வதற்குள் மடித்துவிடுவார்களோ என்னவோ, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்திலும் அப்பியிருக்கும். திங்களன்று தபாலில் போட்டால் செவ்வாய் மதியம் எங்களுக்கு வரும். அந்த நேரம் என் கணவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருப்பார். உறையைப் பிரிப்பது நான்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடைசித் தங்கை பிறந்து அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டில் ஆள் வேண்டியிருந்தது, என்னை நிறுத்திவிட்டார்கள். சர்க்குலர் இங்கிலீஷில் இருக்கும். எழுத்துக் கூட்டினால் பாதி அர்த்தம் பிடிபடும். எனக்கு அதுவும் தேவையில்லை. எங்கள் பம்பு கம்பெனியின் பெயரும் அதற்கு எதிரே ஒரு எண்ணும் தெரிந்தால் போதும். அந்த வருஷம் கம்பெனி ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம் சம்பாதிக்கும் என்று அந்த ஆபீசில் யாரோ ஒருவர் போட்ட கணிப்பு அது. சம்பாதித்த லாபம் ஏட்டில் ஏறிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். இது இனிமேல் வரப்போகிற லாபம். வராத ஒன்றை எண்ணாகப் போட்டுத் தபாலில் அனுப்புகிற மனிதர் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். தடித்த உடம்பு, விரலில் மோதிரம், சாய்வு நாற்காலி என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்து, தப்பா போட்டுட்டா?" என்று ஒருநாள் கணவரிடம் கேட்டேன்.

"வேணும்னா ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பு. ஜலதோஷம் பிடிக்காம இருக்கும்" என்றார்.

பங்குகள் என் பெயரில்தான் இருந்தன. கல்யாணத்துக்கு அப்பா போட்ட வளையல்களை விற்று வாங்கியவை. "வளையல் பெட்டிக்குள்ள தூங்கும். இது நாம தூங்கும்போதும் வேலை செய்யும்" என்று சொல்லித்தான் கணவர் கழற்றி வாங்கிக்கொண்டு போனார். அது வேலை செய்ததோ இல்லையோ, என் தூக்கம் போனது உண்மை.

அந்த வருஷம் ஜூன் மாதம் வீட்டுக்காரம்மா வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்தாள். நான் எட்டாவது என்று தெரிந்தும், வாத்தியார் பெண்டாட்டி என்பதால் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா டீச்சரம்மா, சொல்றதுக்கே ஒரு மாரியா கீது. பெரியவன் வடக்கேருந்து மாத்திகினு வர்றான். அடுத்த ஆனிக்குள்ள வூட்டைக் காலி பண்ணிக் குடுத்துடு."

"நாங்க எங்க போவோம், அக்கா?"

"ஏன், ஷேரு வச்சிகினு கீறீங்களே! வித்து மாளிகை கட்டு. கிரகப்பிரவேசத்துக்கு எனக்கு ஒரு எலை போடு."

எங்களுக்கு அது மூன்றாவது வாடகை வீடு. மூன்று வீட்டிலும் வீட்டுக்காரர்களின் பெரிய பையன் எங்கிருந்தோ திரும்பி வந்தான். இனி வாடகைக்குப் போவதில்லை என்று அன்று இரவு கணவர் சொன்னார். குரோம்பேட்டைக்கு அந்தப்புறம் அஸ்தினாபுரத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். பனை மரமும் முள்ளுமாகக் கிடந்த இடம், பஸ் இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். அங்கே ஒரு கிரவுண்டு பேசி முடித்தோம். மனைக்காரர் பிப்ரவரி கடைசிவரை காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் பதிவு செய்யாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பங்குகளை விற்றால் மனைக்கும் போதும், அஸ்திவாரத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

"அப்ப இப்பவே வித்துடலாமே" என்றேன்.

"அவசரப்படாதே. போன வருஷம் கம்பெனி பங்குக்கு நாலு ரூபா சம்பாதிச்சது. இந்த வருஷம் ஆறுன்னு எழுதியிருக்கான். பிப்ரவரி நடுவுல ரிசல்ட் வரும். ஆறுன்னு வந்த அன்னிக்கு வித்தா கிணறு கூட வெட்டிக்கலாம்."

ஆறு என்ற அந்த எண் சர்க்குலரில் வாராவாரம் மாறாமல் வந்துகொண்டிருந்தது. மாறாமல் வந்ததே எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். ஆறு அப்படியே இருந்தால், இனி எந்த வாரம் குறையுமோ என்று இருக்கும்.

மழை சரியாகப் பெய்யவில்லை. மின்வெட்டு வந்தது. சாயங்காலமானால் தெரு முழுக்க அரிக்கேன் விளக்கு. எனக்கு விளக்கைத் துடைக்கும்போதெல்லாம் பம்பு கம்பெனிதான் ஞாபகம் வரும். கரண்ட் இல்லாமல் பம்பை எப்படிச் செய்வார்கள்? செய்தாலும் கிணற்றில் தண்ணீர் இல்லாதவன் எதற்கு வாங்குவான்?

முன்போர்ஷனில் இருந்தவர் பாரிமுனையில் ஒரு பேங்கில் வேலை பார்த்தார். அவரை நான் சார் என்பேன். அவர் வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வாங்குவார்கள். படித்து முடித்ததும் விலைப் பட்டியல் இருக்கும் பக்கத்தை மட்டும் எங்களுக்குக் கொடுப்பார். டிசம்பர் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை பேப்பரில் பம்பு கம்பெனி விலை சட்டென்று இறங்கியிருந்தது. பேப்பரில் வேறு ஒன்றும் இல்லை. கம்பெனி தீப்பிடித்ததாகவோ, ஸ்டிரைக் என்றோ ஒரு வரியும் கிடையாது. கணவர் பார்த்துவிட்டு, "எவனோ பொண்ணு கல்யாணத்துக்கு வித்திருப்பான்" என்றார்.

செவ்வாயன்று உறையைப் பிரித்தேன். ஆறு இருந்த இடத்தில் ஐந்து இருந்தது.

அடுப்பில் குழம்பு இருந்தது நினைவில்லாமல் நின்றுவிட்டேன். சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் தாளை நீட்டினேன். படித்துப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை.

"இதுக்கா இப்படி நிக்கிறே? போன வருஷம் நாலு. இந்த வருஷம் அஞ்சு. நாலை விட அஞ்சு பெரிசா, சின்னதா?"

"பெரிசு."

"அப்ப விலை ஏறணுமா, இறங்கணுமா?"

எட்டாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நிற்கிற மாதிரி இருந்தது. ஏறணும் என்றேன். ஆனால் அது ஏறவில்லை. அந்த வாரமும் இறங்கியது, அதற்கு அடுத்த வாரமும் இறங்கியது. ஒரேயடியாக விழுந்திருந்தாலாவது விழுந்தது விழுந்தது என்று மனசு ஆறும். தினம் ஒரு காலணா தேய்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

பேங்க் சாரிடம் போய்க் கேட்டேன். "சார், சர்க்குலர் செவ்வாய்க்கிழமைதானே வந்துச்சு? விலை எப்படி வெள்ளிக்கிழமையே இறங்குச்சு?"

அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார், பாதி முகம் நுரை. "தபால் நமக்குத்தான்மா செவ்வாய்க்கிழமை. அந்த ஆபீஸ்ல ஸ்டென்சில் வெட்டறப்பவே கீழ டீக்கடை வரைக்கும் தெரிஞ்சுடும். டீக்கடைக்குத் தெரிஞ்சா மார்க்கெட்டுக்குத் தெரிஞ்ச மாதிரி. தாம்பரத்துக்கு வர்றது ஆறின காபி."

"அப்ப தெரிஞ்சவங்க வித்தாச்சு. அப்புறமும் ஏன் இறங்குது?"

"ஒங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க ஆறு வராதுன்னு மெதுவா ஒத்துக்கறாங்க இல்ல, அதான்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை விலையைப் பார்த்தே செவ்வாய்க்கிழமைத் தாளில் என்ன இருக்கும் என்று கணிக்க ஆரம்பித்தேன். நிம்மதி வரவில்லை. முன்பு ஒருநாள் பட்ட பயத்தை இப்போது நான்கு நாள் பட வேண்டியிருந்தது.

நாலை விட ஐந்து பெரியது, ஆனால் விலை இறங்குகிறது. இது ஏன் என்று எனக்குப் புரிந்தது கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுக்கும்போதுதான். அந்த வருஷம் பட்டு எடுத்துத் தருவதாகக் கணவர் அக்டோபரிலேயே சொல்லியிருந்தார். டிசம்பரில் கையைக் கடிக்கிறது என்று கைத்தறிச் சேலை ஒன்று வாங்கி வந்தார். நல்ல சேலைதான், மாம்பழ நிறம். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன்.

"போன வருஷம் ஒண்ணுமே எடுத்துத் தரலை. அப்ப அழலை. இப்ப புதுச் சேலைக்கு அழறியே?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"போன வருஷம் நீங்க பட்டுன்னு சொல்லலையே."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அன்று சர்க்குலர் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பங்குகளை விற்கவும் இல்லை. "இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது?" என்பது அவருடைய புதுப் பல்லவி.

ஜனவரியில் ஐந்து நாலரை ஆனது. விலை மறுபடி இறங்கியது. அஸ்திவாரப் பணம் போய்விட்டது, மனையிலும் கை வைத்தாகிவிட்டது. ராத்திரி படுத்தால் அஸ்தினாபுரத்து மனைக்கல்லை யாரோ உள்ளே உள்ளே நகர்த்துகிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலில் நின்று, சமாதானத்துக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஜெபிக்க வேண்டிய நேரத்தில், ஆண்டவரே அந்த மனிதர் இனியும் குறைக்காமல் பார்த்துக்கொள்ளும் என்று ஜெபித்தேன்.

கடைசியில் கணவரே, "நேர்ல போய் அந்த ஆளைக் கேட்டுடறேன்" என்று கிளம்பினார். விற்பதானால் என் கையெழுத்து வேண்டும், அதனால் நானும் போனேன். சர்டிபிகேட்டுகளைத் துணிப்பையில் போட்டு, மேலே சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டேன். மின்சார ரயிலில் பையை மடியில் அணைத்தபடி பீச் ஸ்டேஷன்வரை வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "கொழந்தையாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தூக்கைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புரோக்கர் ஆபீஸ் மாடியில் இருந்தது. தடித்த உடம்பும் இல்லை, மோதிரமும் இல்லை. ஜன்னலோரம் ஒல்லியாக ஒரு இளைஞர், சட்டைக் காலரில் மை. தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் என்று ஆபீஸ் குமாஸ்தா காட்டினார். என் கணவர் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடக் காத்திருக்கவில்லை.

"தம்பி, நாலை விட நாலரை பெரிசுதானே?"

அவர் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டார். "ஆமா சார்."

"பின்ன ஏன் விலை இறங்குது?"

"நான் ஆறுன்னு எழுதினேன் இல்ல சார், ஆறை நம்பி வாங்கினவங்க நெறைய பேரு. அவங்களுக்கு நாலு ஞாபகமே இல்ல. ஆறுதான் ஞாபகம்."

"ஆறுன்னு ஏன் எழுதினே?"

"கம்பெனியில சொன்னாங்க. நம்பினேன்."

"அப்ப கரண்ட் போச்சுன்னு தெரிஞ்சதும் ஒரேயடியா கொறைச்சிருக்கலாமே?" இதைக் கேட்டது நான். கேட்டபிறகுதான் குரல் வந்ததே எனக்குத் தெரிந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரேயடியா கொறைச்சா கம்பெனிக்காரங்க கதவைச் சாத்திடுவாங்கம்மா. எங்க முதலாளியும் கத்துவாரு. நம்ம பார்ட்டிங்க பயந்துடுவாங்கன்னு. அதனால கொஞ்சம் கொஞ்சமா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சில வாரம் நான் கொறைச்சதால விலை இறங்குதா, விலை இறங்கினதைப் பாத்து நான் கொறைக்கிறேனான்னு எனக்கே தெரியலை. ராத்திரில தூக்கம் வரமாட்டேங்குது."

அந்த மனிதரும் என்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளிதான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாகிவிட்டது.

"இன்னும் கொறைப்பீங்களா?" என்றேன்.

அவர் டப்பாவை மூடினார். பாதிக்கு மேல் சாதம் அப்படியே இருந்தது.

நாங்கள் வராந்தாவுக்கு வந்தோம். கணவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவை, கைவண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் பதில் தெரியாத பையன் அப்படித்தான் ஜன்னலைப் பார்ப்பான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"ரிசல்ட் வர இன்னும் கொஞ்ச நாள்தான். அது வரைக்கும் பிடிச்சு வச்சிருந்தா ஏறினாலும் ஏறும்" என்றார். பிறகு, "ஒம் பேர்ல இருக்கு. ஒன் வளையல். நீ சொல்லு" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்காமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வைத்திருந்து இன்னும் விழுந்தால் மனையே கை நழுவும். விற்ற பிறகு ஏறினால் என்னால் நஷ்டம். எந்தப் பக்கம் போனாலும் தூங்கப் போவதில்லை என்று தெரிந்தது. மூடின அந்த டப்பாவை நினைத்தேன்.

"வித்துடலாங்க."

குமாஸ்தா டிரான்ஸ்ஃபர் பாரத்தை மேஜைமேல் வைத்தார். "அம்மா, வாங்கினப்ப போட்ட மாதிரியே கையெழுத்து இருக்கணும். மாறினா கம்பெனியில திருப்பி அனுப்பிடுவான்." வாங்கினபோது எப்படிப் போட்டேன்? அப்போது புதுப்பெண், கணவர் சிலேட்டில் எழுதிக் காட்டியதைப் பார்த்து இங்கிலீஷில் போட்டது. அதற்குப் பிறகு எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? ரேஷன் கடையில் தமிழில் போடுவேன். ஒவ்வொரு எழுத்தாக யோசித்து யோசித்துப் போட்டேன். குமாஸ்தா பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்டம்மா பேரை எழுதறாங்களா, வரையறாங்களா?" என்றார். கணவர் சிரிக்கவில்லை. "மெதுவாப் போடு, அவசரமில்ல" என்றார்.

விற்ற பணத்துக்கு ஒரு கிரவுண்டு கட்டுப்படியாகவில்லை. மனைக்காரர் முக்கால் கிரவுண்டாகப் பிரித்துக் கொடுத்தார். மீதிக் கால் கிரவுண்டைப் பக்கத்து மனைக்காரர் சேர்த்துக்கொண்டார். அஸ்திவாரத்துக்குக் கணவர் வாத்தியார் சொசைட்டியில் கடன் வாங்கினார். பதிவு முடிந்த அடுத்த வாரம் சர்க்குலரில் நாலரை நாலானது. விலை இன்னும் இறங்கியது. நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். அன்று மட்டும் மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி நடுவில் ரிசல்ட் வந்தது. பங்குக்கு நாலேகால். ஆறு என்று தொடங்கினது நாலேகாலில் முடிந்ததே, அன்று விலை தரையோடு தரையாகப் போயிருக்கும் என்றுதான் பேப்பரை வாங்கினேன். ஏறியிருந்தது. எல்லாரும் நாலு என்று பயந்து உட்கார்ந்திருந்தார்களாம், நாலேகால் வந்ததும் சந்தோஷம் தாங்கவில்லையாம். பேங்க் சார் அப்படித்தான் சொன்னார். அடுத்த நாளும் ஏறியது. நாங்கள் விற்ற விலையைத் தாண்டிப் போய்விட்டது. அன்று விற்றிருந்தால் முழுக் கிரவுண்டும் எங்களுடையது.

பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அஸ்தினாபுரத்துக்குப் போனேன். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. கணவர் மேஸ்திரியோடு மனையில் நின்று அஸ்திவாரத்துக்கு அளந்துகொண்டிருந்தார். முள்ளை வெட்டி ஒரு ஓரமாகக் குவித்திருந்தார்கள். பஸ் இறங்கி நடந்த தூரம் முழுக்க, சொல்வதா வேண்டாமா என்றே வந்தேன். சொன்னால் அவர் என்னைப் பார்க்கப் போகிற பார்வையை நூறு விதமாகப் பார்த்துவிட்டேன்.

"ஏங்க, பம்பு கம்பெனி..."

"பார்த்தேன். வர்ற வழியில டீக்கடையில பேப்பர் இருந்துச்சு."

"நாம வித்ததை விட எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்." அவர் குனிந்தபடியே இருந்தார். "நீ அந்த மூலைக்குப் போ. கயித்தோட முனையைப் பிடிச்சுக்க. மேஸ்திரி பிடிச்சா வளைஞ்சு போகுது."

போய்ப் பிடித்தேன். அவர் மறுமுனையை இழுத்துக் கட்டினார். கயிறு விண்ணென்று நின்றது. மேஸ்திரி அதை ஒட்டிச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே வந்தான். முன் அறை, நடு அறை, அடுக்களை என்று வெள்ளைக் கோடுகள் விழுந்தன. தரையில் பார்க்க எல்லா அறையும் மிகச் சின்னதாக இருந்தது. இதில் ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்குமா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.